பாலாடையில் வேப்பெண்ணெய் வேண்டாம்

சென்ற ஆடி மாதம் ஒரு காலை. கடலூரை ஒட்டிய மீனவக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டரை மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். விடிந்ததிலிருந்து நான்கு முறை வாந்தி. பால் குடிக்கவில்லை. கண் சொக்கிச் சொக்கிப் போகிறது. காய்ச்சல் இல்லை, ஆனால் மூச்சு மட்டும் வேகவேகமாக வாங்குகிறது. ஸ்டெதஸ்கோப்பை வைக்கக் குனிந்தபோது அந்த வாசம் வந்தது. பூண்டும் கசப்பும் கலந்த, யாருக்கும் தப்பாத வாசம். அது குழந்தையின் சட்டையிலிருந்து வரவில்லை, வாயிலிருந்து வந்தது.

"என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன். "தாய்ப்பால் மட்டும்தான், டாக்டரம்மா" என்றாள் தாய். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. பின்னால் நின்ற ஆயா தரையைப் பார்த்தபடி இருந்தார். மூன்றாவது முறை கேட்பதற்குள் குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் ஆயா வாய் திறந்தார். "வயிறு உப்பியிருந்தது, மாந்தம் என்று நினைத்து அரைப் பாலாடை வேப்பெண்ணெய் விட்டேன். இவன் அப்பனுக்கும் இதே கையால்தான் கொடுத்தேன்."

வலிப்பை அடக்கி, ஆக்சிஜன் வைத்து, ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்கு அனுப்பினோம். ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது, கல்லீரலும் பாதிக்கப்பட்டிருந்தது. ஆறு நாள் தீவிர சிகிச்சைக்குப் பிறகு பிள்ளை பிழைத்து வீடு திரும்பினான். தடுப்பூசிக்கு வந்த நாளில் அந்தப் பாலாடையைக் கொண்டுவரச் சொன்னேன். ஆயா விரலால் காட்டிய மட்டம் வரை தண்ணீர் ஊற்றி, சிரிஞ்சில் இழுத்து அளந்தேன். ஆறு மில்லி. சம்பவத்தன்று குழந்தையின் எடை 4.8 கிலோ. அதே கணக்கில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் 75 மில்லி வேப்பெண்ணெயை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். ஆயா அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

வேம்பைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் அந்த மரத்தடியில் வளர்ந்தவள்தான். சித்திரையில் வேப்பம்பூப் பச்சடி இல்லாமல் எங்கள் வீட்டில் புத்தாண்டு பிறப்பதில்லை. அறிவியலும் இந்த மரத்தை மதிப்போடுதான் பார்த்திருக்கிறது. 1942-இல் வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்திகி வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் உள்ளிட்ட கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் பச்சை அத்தனையையும் தின்று தீர்த்தபோது வேப்பமரங்கள் மட்டும் தப்பி நின்றதை ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் கண்டார். 1968-இல் விதையிலிருந்து அசாடிராக்டின் பிரிக்கப்பட்டது. அது பூச்சியைத் தின்னவிடாது, தோலுரித்து வளரவும் விடாது. நம் மாவட்டத்து விவசாயிகள் நெல்லுக்கு ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் அடிப்பது இதனால்தான். சொறி சிரங்குக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசும் நம் வழக்கத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1992-இல் வெளியான அந்த ஆய்வில் 814 பேருக்குப் பூசிப் பார்த்ததில் 97 சதவீதத்தினர் 3 முதல் 15 நாளில் குணமடைந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத ஆய்வு என்பதால் அதை முடிந்த முடிவாக நான் சொல்லமாட்டேன். ஆனாலும் நல்ல தொடக்கம்.

அது இலை, பூசியது தோலின் மேல். இந்த வேறுபாடுதான் நம் வீடுகளில் மறந்துபோகிறது. இலை, பூ, பட்டை, விதை எல்லாவற்றையும் "வேம்பு" என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம். பூச்சியைக் கொல்லும் சரக்கு செறிந்திருப்பது விதைப் பருப்பில். அதைப் பிழிந்து எடுப்பதுதான் எண்ணெய்.

1981-இல் லான்செட் இதழில் மலேசிய மருத்துவர்கள் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. அங்குள்ள இந்தியக் குடும்பங்களில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகளைப் பற்றியது. கடல் கடந்து போனவர்கள் பாலாடையையும் கூடவே எடுத்துப் போயிருக்கிறார்கள். வாந்தி, மயக்கம், வேகமான மூச்சு, அடுத்தடுத்து வலிப்பு. நான் என் மேசையில் பார்த்த அதே வரிசை. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, மூளை வீங்கும் ரே நோயைப் போன்ற நிலை அது. 1985-இல் விலங்குகளில் செய்த சோதனையில், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களே இந்த எண்ணெயால் சிதைவது தெரிந்தது. பால்குடிப் பிள்ளைகளின் கல்லீரல் இன்னும் முதிராதது. இதைத் தாங்க அதற்குத் திராணி இல்லை.

"முன்பு கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். ஒவ்வொரு பாட்டிலும் ஒன்றல்ல. மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் சத்தின் அளவு மாறும். பழம் உதிரும் ஆனி, ஆடியில் பொறுக்கிய விதையை ஈரத்தோடு குவித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளாடாக்ஸின் கல்லீரலுக்குத் தனி எதிரி. உரக்கடையில் செடிக்கு அடிக்க வாங்கும் வேம்புப் பூச்சிக்கொல்லியில் வேறு ரசாயனங்களும் கலந்திருக்கும். மாடித்தோட்டம் போடும் வீடுகளில் அந்தப் பாட்டில் சமையலறை அலமாரியிலேயே நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முறையாகப் படித்த சித்த மருத்துவர் பொருளைச் சுத்தி செய்து, வயதுக்கும் உடலுக்கும் தக்கபடி அளந்து கொடுப்பது வேறு. பாலாடையில் கண்ணளவுக்கு ஊற்றுவதை அந்த வைத்தியத்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கர்ப்பிணிகளுக்கும் ஒரு சொல். வேப்பெண்ணெயைக் கருத்தடைக்குப் பயன்படுத்த முடியுமா என்றே இந்திய விஞ்ஞானிகள் ஆராய்ந்திருக்கிறார்கள். வயிற்றில் பூச்சி என்று அதைக் குடிக்காதீர்கள்.

மூக்கில் சொட்டுவிடுவதும் வேண்டாம். வேப்பெண்ணெய் மட்டுமல்ல, எந்த எண்ணெயும் குழந்தையின் நுரையீரலுக்குள் இறங்கினால் சளிக்காய்ச்சல்போல நிமோனியா வரும், லேசில் ஆறாது.

தவறிப்போய்க் கொடுத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரல் விடுவது, உப்புத்தண்ணீர், புளிக்கரைசல் எதுவும் கூடாது. வெளியே வரும் எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். குழந்தை சாதாரணமாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், அறிகுறி வெளிப்படச் சில மணி நேரம் பிடிக்கலாம். 108-ஐ அழையுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். இந்த நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. வலிப்பையும் அமிலத்தையும் மூளை வீக்கத்தையும் எவ்வளவு சீக்கிரம் கவனிக்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

எண்ணெய்ப் பாட்டிலையும் பாலாடையையும் கையோடு எடுத்து வாருங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு, யார் கொடுத்தது என்பதை முதல் கேள்விக்கே சொல்லிவிடுங்கள். அந்த ஆயா பயத்தில் வாய் மூடி நின்ற நேரத்தில் நான் மூளைக்காய்ச்சல், சர்க்கரைக் குறைவு என்று வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். கொடுத்த கை அன்பால் கொடுத்தது என்பது எங்களுக்குத் தெரியும். யாரும் உங்களைத் திட்ட மாட்டோம்.