ஆவியுயிர்ப்பு என்பது மூச்சா, நீராவியா?

திருகோணமலையில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் விஞ்ஞான பாடநூலில் ‘ஆவியுயிர்ப்பு’ என்று இருக்கிறது. அதே பாடத்தைத் தமிழ்நாட்டு ஆசிரியர் யூடியூபில் நடத்தும்போது ‘நீராவிப்போக்கு’ என்கிறார். இரண்டும் வேறு வேறு என்று எண்ணித் தனித்தனியாக மனனம் செய்கிறவர்களும் உண்டு. பொருள் ஒன்றுதான். வேர் உறிஞ்சிய நீர் தண்டு வழியே ஏறி, பெரும்பாலும் இலையிலிருந்து, ஆவியாக வெளியேறுவதே அது. ஆங்கிலத்தில் டிரான்ஸ்பிரேஷன்.

அந்த ஆங்கிலச் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. ‘டிரான்ஸ்’ என்றால் ஊடாக. ‘ஸ்பிராரே’ என்றால் மூச்சுவிடுதல். பிரெஞ்சு மொழியில் இதே சொல் இன்றும் வியர்த்தலைக் குறிக்கிறது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயர் சாடியில் வளர்த்த சூரியகாந்தியை நிறுத்து நிறுத்து, அது இழக்கும் நீரை அளந்தார். 1727இல் அதை நூலாக்கியபோது அவரும் செடி வியர்ப்பதாகத்தான் எழுதினார்.

நம் சொல் இலத்தீன் சொல்லின் தடத்திலேயே நடக்கிறது. பழந்தமிழில் ‘உயிர்த்தல்’ என்றால் மூச்சுவிடுதல். ‘உயிர்ப்ப உளரல்லர்’ என்ற குறளிலும் (880) ‘நெட்டுயிர்ப்பு’ என்ற சொல்லிலும் அந்தப் பொருள்தான். ‘ஆவி’ இன்னும் சுவையான சொல். கேத்தலில் எழுவதும் ஆவி, உடலில் தங்கியிருக்கும் உயிரும் ஆவி, தேவாலயத்தில் வணங்கப்படும் பரிசுத்தரும் ஆவி. இலத்தீனிலும் மூச்சைக் குறித்த வேரிலிருந்தே, ஆவி என்று பொருள்படும் ‘ஸ்பிரிட்டஸ்’ பிறந்தது. இரு மொழிகளும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டும் ‘உயிர்ப்பு ஞாயிறு’ நினைவில் இதைச் செத்தது எழுவது என்று பொருள்கொள்ளக் கூடும். ஆசிரியர்கள் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது.

அதைவிடப் பெரிய குழப்பம் சுவாசத்தோடு வருகிறது. சுவாசம் இரவும் பகலும் உயிருள்ள எல்லாக் கலங்களிலும் (செல்களிலும்) நடக்கிறது. உணவைச் சிதைத்துச் சக்தியை வெளிவிடுகிறது. ஆவியுயிர்ப்பில் உணவும் சிதைவதில்லை, சக்தியும் பிறப்பதில்லை. போவது நீர் மட்டும். ‘உயிர்ப்பு’ என்ற பெயர் இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று எழுதும் விடைகள் வரத்தான் செய்யும்.

அப்படியானால் நீராவிப்போக்கே சிறந்த சொல் அல்லவா? பார்த்த உடனே விளங்குகிறது, உண்மைதான். ஆனால் கொதிக்கும் கேத்தலின் மூக்கிலிருந்தும் நீராவி போகிறது. துவைத்துக் கொடியில் காயப்போட்ட சாரத்திலிருந்தும் போகிறது. அது ஆவியாதல். செடி செய்வது அதுமட்டுமன்று. இலையின் அடிப்பக்கத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இரண்டிரண்டு காவற்கலங்கள் உதடுபோல் வளைந்து நிற்பது தெரியும். அவை நீர் ஏறிப் புடைத்தால் நடுவே வாய் திறக்கும். நீர் குறைந்து தளர்ந்தால் மூடும். தமிழ்நாட்டில் இதை ‘இலைத்துளை’ என்கிறார்கள். நாம் ‘இலைவாய்’ என்கிறோம். ஆங்கிலப் பெயரான ‘ஸ்டோமா’வுக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கும் வாய் என்றே பொருள். துளை சும்மா திறந்து கிடக்கும். வாய் திறக்கும், மூடும். அதனால்தான் என் வாக்கு இலைவாய்க்கும் ஆவியுயிர்ப்புக்கும். உயிருள்ள ஒன்று செய்கிற காரியம் என்பதை அவை மறைக்கவில்லை.

கச்சான் வீசும் மாதங்களில் இதைத் தோட்டத்திலேயே காணலாம். (கடலைக்கும் எங்களிடம் அதே பெயர்தான், இது காற்று.) மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு, கீழிறங்கும்போது சூடேறி வருகிற காற்று அது. மத்தியானத்தில் பூசணி இலைகள் குடைமடங்கினாற்போல் தொங்கிவிடும். வேர் அனுப்பும் நீரைவிட இலை இழக்கும் நீர் அதிகமாகிவிட்டதே காரணம். நிலத்தில் ஈரம் இருந்தால், யாரும் தண்ணீர் ஊற்றாமலே அந்தியில் அதே இலைகள் நிமிர்ந்துவிடும்.

வெப்பக் கணக்கும் இங்கே சேர்கிறது. ஒரு லீற்றர் நீரை 30 பாகை செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 3 இலட்சம் யூல் வெப்பம் போதும். அதே நீர் 30 பாகையில் நின்றபடியே ஆவியாவதற்கு ஏறத்தாழ 24 இலட்சம் யூல் வேண்டும். வெப்பமானியில் காட்டாமல் உள்வாங்கப்படுவதால் இதற்கு மறைவெப்பம் என்று பெயர். இலையிலிருந்து போகும் நீர் இந்த வெப்பத்தை இலையிடமிருந்தே எடுத்துக்கொண்டு போகிறது. தகரக் கொட்டகை நிழலைவிட வேப்பமர நிழல் குளிர்வதற்கு இதுவும் ஒரு காரணம்; சூடேறிய தகரம் நம்மீது வெப்பத்தை வீசும், இலை அவ்வளவு சூடேறுவதில்லை.

நம் உடலை வியர்வை குளிர்விப்பதும் இதே வழியில்தான். அதற்காக ஆவியுயிர்ப்பை ‘மரத்தின் வியர்வை’ என்றால் தவறாகும். வியர்வை சுரப்பிகளிலிருந்து நீர்மமாக, உப்போடு வருகிறது. சட்டையில் வெள்ளைக் கோடு விழுவது அந்த உப்பினால்தான். இலைவாய் வழியே போகும் நீராவியில் உப்பு இல்லை. கொட்டியாரக்குடாப் பக்கத்தில் உவர்நீரில் வளரும் கண்டல் மரங்களில் சில இனங்களின் இலைமேல் உப்புத் துகள் படிந்திருப்பதைக் காட்டி வாதிடலாம். ஆனால் அது தனி உப்புச் சுரப்பிகளின் வேலை.

குளிர்ச்சியைவிடப் பெரிய பயன் ஏற்றம். நீரை மேலிருந்து உறிஞ்சும் பம்பியால் 10 மீற்றருக்கு மேல் இழுக்க முடியாது. 20 மீற்றர் பனையின் வட்டுக்கு நீர் எப்படிப் போகிறது? நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றியிருப்பதால், இலையில் ஆவியாகும் நீர் தனக்குக் கீழுள்ள நீர்நிரலையே இழுக்கிறது. டப்ளினில் டிக்சன், ஜோலி என்ற இரு விஞ்ஞானிகள் 1894இல் முன்வைத்த விளக்கம் இது. வேர் உறிஞ்சும் நீரில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இப்படியே வெளியேறிவிடுகிறது. அந்த ஓட்டத்தோடுதான் கனியுப்புகளும் மேலேறுகின்றன.

இலங்கைப் பரீட்சைக்கு எழுதுகிறவர்கள் ஆவியுயிர்ப்பு, இலைவாய், காவற்கலம் என்றே எழுதட்டும். தமிழ்நாட்டு நூலைத் திறக்கும்போது நீராவிப்போக்கு, இலைத்துளை, காப்பு செல் என்று மாற்றிப் படித்துக்கொண்டால் போதும்.