உண்ட மயக்கம்: நடுராத்திரிச் சோற்றுக்கும் பொருந்தும் சொல்

சாப்பிட்டவுடன் கண் சொக்குவதை இப்போது ‘ஃபுட் கோமா’ என்கிறார்கள். கோமா கிரேக்கச் சொல். ஆழ்ந்த உறக்கம் என்பது அதன் பழைய பொருள். மருத்துவ நூல்களில் இதே நிலைக்குப் பெயர் ‘போஸ்ட்பிராண்டியல் சோம்னலன்ஸ்’. அதிலுள்ள ‘பிராண்டியம்’ லத்தீனில் பகலுணவு.

நம்மிடம் உள்ள சொல் உண்ட மயக்கம். ‘உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு’ என்ற பழமொழியில் அது பத்திரமாக இருக்கிறது. எந்த வேளைச் சாப்பாடு என்று அது கட்டிப்போடவில்லை. சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரத்தில் விசைத்தறி ஓட்டுபவர் இரவு ஒரு மணிக்குத் தூக்குப்போசியைத் திறந்தாலும் பொருந்தும். சிலர் ‘உண்ட களைப்பு’ என்பார்கள். களைப்பு உழைத்து வருவது. இதற்கு மயக்கமே சரி.

மயங்கு என்றால் கல. மெய்யெழுத்துகள் சேர்ந்து வருவதை இலக்கணம் மெய்ம்மயக்கம் என்கிறது. பகலும் இரவும் கலக்கும் பொழுது அந்தி மயங்கும் நேரம். விழிப்பும் உறக்கமும் கலந்து கிடப்பதுதான் உண்ட மயக்கம். தறி ஓடுகிறது, கண் திறந்திருக்கிறது, பாவில், அதாவது நீளவாட்டு நூலில், ஓர் இழை அறுந்தது மட்டும் தெரிவதில்லை. ஒரு முழம் ஓடித் துணியில் கோடு விழுந்த பிறகுதான் கண்ணில் படுகிறது.

ஆஸ்பத்திரியில் மட்டும் இந்தச் சொல்லைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். ‘மயக்கமா வருது’ என்றால் தலைசுற்றல் என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘தூக்கம் சொக்குது’ என்று பிரித்துச் சொல்லுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்கு வியர்த்து, கை நடுங்கி, படபடப்போடு வந்தால் அது உண்ட மயக்கமே இல்லை, சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

இரவில் ஏன் கூடுதலாகச் சொக்குகிறது? ‘ரத்தமெல்லாம் வயிற்றுக்குப் போய்விடும்’ என்பது சரியல்ல; மூளைக்குரிய ரத்தத்தை உடல் விட்டுக்கொடுப்பதில்லை. 3 முதல் 5 மணி வரை உடல் வெப்பம் இறங்கி, உறக்கத்துக்கான ஹார்மோனாகிய மெலடோனின் ஏறியிருக்கும். அந்நேரம் கணையம் இன்சுலினைத் தாராளமாகச் சுரக்காது. பகலில் தின்ற அதே நான்கு பரோட்டா அப்போது ரத்தச் சர்க்கரையை இன்னும் மேலே ஏற்றும்.

மில்லில் ஃபுல் நைட் என்றால் முழுச்சாப்பாட்டை 9 மணிக்குள் வீட்டிலேயே முடித்துவிட்டுப் போவது நல்லது. ஒரு மணிவாக்கில் ஒரு கிண்ணம் சுண்டலும் மோருமோ, 2 இட்லியும் ஓர் அவித்த முட்டையுமோ போதும். ஜவ்வரிசி உப்புமா நம் சேலத்துப் பண்டம்தான், ஆனால் ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. அதைப் பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். பட்டினி கிடந்தால் விழிப்பு நிற்கும் என்று நம்புவதும் தவறு. 4 மணிக்குப் பசி தாங்காமல் பரோட்டா சால்னாவில் போய் முடியும். விடிந்து படுத்தால் நெஞ்செரிச்சல் தூங்க விடாது.

காபி குடித்து அரைமணி நேரமாவது ஆனால்தான் முழுதாக வேலை செய்யும். உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேற ஏறத்தாழ 5 மணி நேரம் பிடிக்கும். ஆகவே காலை 8 மணிக்குப் படுப்பவர் கடைசிக் காபியை இரவு 2 மணிக்குள் குடித்துவிட வேண்டும். ஏற்காட்டில் பெரும்பாலும் விளையும் அரபிகா வகைக் காபியில் ரொபஸ்டா வகையைவிடக் காஃபீன் ஏறக்குறைய பாதிதான். சிக்கரியில் காஃபீனே கிடையாது. சிக்கரி தூக்கலான டிகாஷன் கறுப்பாக, கசப்பாக இருப்பதைப் பார்த்து ‘ஸ்ட்ராங்’ என்று மூன்றாவது டம்ளர் வாங்கினால் உள்ளே கூடுவது சர்க்கரைதான்.