குதிரையை வதைத்தால் என்ன தண்டனை? நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் சட்டம் சொல்வது

1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பி, கூடலூர், கோத்தகிரி வட்டாரங்களில் உள்ள டான்டீ எனும் தமிழ்நாடு அரசு நிறுவனத்தின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு, இலங்கை மலையகத்தில் இன்றும் உறவினர்கள் உள்ளனர். மொழியும் தொழிலும் ஒன்றாக இருக்கும் இவ்விரு மலைகளிலும், குதிரையையோ மாட்டையோ நாயையோ வதைப்பவருக்கு உரிய தண்டனையை இரு வேறு சட்டங்கள் வரையறுக்கின்றன.

இலங்கையின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907-ஆம் ஆண்டுக்குரியது. வளர்ப்பு விலங்குகளையும் பிடித்து வைக்கப்பட்ட விலங்குகளையும் மட்டுமே அது கருத்தில் கொள்கிறது. அதில் உச்ச அபராதம் 100 ரூபாய். சிறைத்தண்டனை மூன்று மாதம் வரை. இதற்கு மாற்றாக அந்நாட்டுச் சட்ட ஆணைக்குழு 2006-இல் புதிய வரைவு ஒன்றைத் தயாரித்தது.

இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் மேற்கொண்ட முயற்சியின் தொடர்ச்சியாக, 1890-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு வந்தது. மனிதர் நீங்கலான எல்லா உயிர்களையும் அது விலங்கு என்கிறது. வரையறை இவ்வளவு விரிவாக இருந்தும், 11-ஆம் பிரிவின்படி முதல் குற்றத்துக்கான அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான். ஊட்டி ஏரிக்கரையில் ஒருமுறை குதிரைச் சவாரி செய்யவே இதைவிடக் கூடுதலாகச் செலவாகும். மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் அதே குற்றம் செய்தால் அபராதம் 100 ரூபாய் வரை உயரலாம், மூன்று மாதச் சிறையும் விதிக்கப்படலாம்.

ஆயினும் சட்டத்தின் வலு அபராதத்தில் மட்டும் இல்லை. உணவும் நீரும் உறைவிடமும் தராதிருப்பது, நோயுற்ற குதிரையை வேலைக்கு விடுவது, தக்க காரணமின்றிக் கைவிடுவது ஆகியவை தனித்தனிக் குற்றங்கள். மேலும் வதை தொடரக்கூடும் என்று நீதிமன்றம் கருதினால், தண்டிக்கப்பட்ட உரிமையாளரிடமிருந்து அந்த விலங்கையே பறித்துவிடலாம். குதிரையை வைத்துப் பிழைப்பவருக்கு 50 ரூபாயைவிட இதுவே பெரிய அச்சம்.

விலங்கைக் கொன்றாலோ, நஞ்சிட்டாலோ, ஊனப்படுத்தினாலோ, இந்தியாவின் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. பழைய தண்டனைச் சட்டம் விலங்கின் விலையைப் பார்த்துத் தண்டனையை வகுத்தது. இப்போது அந்த விலைக் கணக்கு இல்லை. இப்பிரிவில் நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் காவல்துறையே வழக்குப் பதியலாம். ஆனால் இது பிறருக்கு நேரும் இழப்பை அடிப்படையாகக் கொண்ட பிரிவு. தன் குதிரையைத் தானே பட்டினி போடுபவருக்கு 1960-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும்.

காட்டு விலங்குகளுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. 2021 ஜனவரியில் மசினகுடியில் எரியும் டயர் வீசப்பட்டு உயிரிழந்த யானை, அச்சட்டத்தின் உயர் பாதுகாப்புப் பட்டியலான முதல் அட்டவணையில் அடங்கும் விலங்கு. அத்தகைய விலங்கை வேட்டையாடுவதற்கும் காயப்படுத்துவதற்கும் குறைந்தது மூன்றாண்டு சிறை.

1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். மே மாத சீசனில் கண்ட கொடுமைக்குச் செப்டம்பரில் வழக்குத் தொடுக்க முடியாது. எனவே நாள், இடம், புகைப்படம் ஆகியவற்றுடன் எழுத்துமூலமான புகாரை உடனே கொடுத்து, அதற்கான ரசீதையும் கேட்டுப் பெற வேண்டும்.