பச்சை விளக்கும் விடியற்காலைக் கேஷுவாலிட்டியும்

இந்தக் குளிர்காலத்தில் இது நான்காவது. அணைக்கரையில் ராத்திரி தூண்டில் போடப் போன மூன்று பையன்கள் விடியற்காலை இரண்டரை மணிக்கு நான் டாக்டராக இருக்கும் ஆஸ்பத்திரியில் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ஒருவனுக்கு மேல் இமையில் தூண்டில் முள். இன்னொருவன் இடுப்பு வரை நனைந்து, நாக்கு குழறி, நிற்க முடியாமல் தொங்கினான். மூன்றாமவன் கையில் பச்சை விளக்கு. அதற்கு மட்டும் ஒரு கீறல் இல்லை.

"இது எதுக்குப்பா?"

"பாஸ் மீனை இழுக்க சார். வீடியோல பார்த்தோம்."

அவர்கள் சொன்னது அமெரிக்க ஏரிகளில் வாழும் அகலவாய்ப் பாஸ். நீலகிரியில் வேலை பார்க்கும் இத்தனை வருஷத்தில், இங்கே பிடித்தது என்று அந்த மீனில் ஒன்றைக்கூட யாரும் எனக்குக் காட்டியதில்லை. நம் மலைத் தண்ணீரில் இருப்பது ட்ரவுட். அவலாஞ்சியில் அதற்குப் பொரிப்பகம் 1907-லேயே வந்துவிட்டது. அப்புறம் 1939-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட கெண்டை. கெண்டை அடிச்சேற்றை மீசையால் துழாவி, மோப்பம் பிடித்துத் தின்கிற மீன். அதற்கு எதற்குப்பா பச்சை விளக்கு?

சரி, பாஸே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் விளக்கைப் பார்த்து அது ஓடி வராது. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. விளக்குக்கு விட்டில் வருகிற மாதிரி மீன் வரும் என்று நினைக்கிறார்கள். வருவது மீன் இல்லை, மீனுடைய சாப்பாட்டின் சாப்பாடு. இருட்டினால் மேல்மட்டத்துக்கு ஏறி வரும் நுண்ணுயிர்களில் பலவும், பூச்சிகளும்தான் முதலில் வெளிச்சத்தில் கூடும். அவற்றைத் தின்னப் பொடி மீன் வரும். பொடி மீனைத் தேடித்தான் பெரியது வரும். அதுவும் வெளிச்சத்துக்கு நடுவில் வந்து நிற்குமா? நிற்காது. வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் ஓரத்தில் பதுங்கி நிற்கும். இந்த வரிசை சேர ஒரு மணி நேரம்கூட ஆகலாம், அதுவரை விளக்கை அசைக்கக் கூடாது. பச்சை நிறத்துக்கு வசியம் ஒன்றும் கிடையாது. பாசி கலந்த தண்ணீரில் மற்ற நிறங்களைவிடச் சற்று ஆழம் போகும், அவ்வளவுதான்.

நம் பையன்கள் என்ன செய்கிறார்கள்? கால்மணி நேரம் பார்க்கிறார்கள். ஒன்றும் கடிக்கவில்லை. உடனே விளக்கை இன்னும் உள்ளே தள்ளி வைக்கத் தண்ணீரில் இறங்குகிறார்கள். அணையில் தண்ணீர் வற்றிய கரை மேலே காய்ந்த மாதிரி தெரியும், காலை வைத்தால் முழங்கால் வரை வாங்கும். அதோடு, பளீர் விளக்கையே பார்த்த கண் திரும்ப இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். அதுவரை பக்கத்தில் நிற்கும் நண்பனின் முகம்கூட நிழல்தான். இமையில் முள் ஏறியது அப்படித்தான். வீசியவனுக்கு ஆள் நிற்பதே தெரியவில்லை. முள் நுனிக்கும் விழிக்கும் நடுவே ஒரு நெல்மணி இடைவெளி இருந்தது. பிழைத்தான். நெற்றி விளக்கு கட்டாயம் வேண்டுமென்றால் மங்கலான சிவப்பு வெளிச்சம் வையுங்கள்.

நனைந்தவன் கதை வேறு. உறைபனி விழும் மாதத்தில் ஈர ஜீன்ஸோடு ஒரு மணி நேரம். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் நடுக்கம், அப்புறம் குழறல், தள்ளாட்டம். "கொஞ்சம் போட்டிருக்கான் சார், அதான்" என்றான் நண்பன். குடித்ததும் உண்மை, குளிர் ஏறியதும் உண்மை. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதற்குள் எங்கள் நர்ஸம்மாவுக்கு வியர்த்துவிட்டது. சாராயம் சூடு தராது. தோலுக்கு ரத்தத்தைத் திருப்பிவிட்டு உள்சூட்டை வெளியே விடும். நடுங்கிக்கொண்டிருந்தவன் நடுக்கம் நின்று அமைதியானால் தேறிவிட்டான் என்று விட்டுவிடாதீர்கள், அப்போதுதான் ஆபத்து. ஈரத்துணியைக் கழற்றுங்கள், உலர்ந்த கம்பளியில் நெஞ்சையும் வயிற்றையும் சுற்றுங்கள், கைகாலைத் தேய்க்காதீர்கள். தெளிவாக விழுங்க முடிந்தால் மட்டும் சர்க்கரை போட்ட சூடான டீ. உடனே கிளம்பி வாருங்கள்.

கண்ணில் முள் என்றால் பிடுங்காதீர்கள், அழுத்தாதீர்கள். முள்ளில் கட்டிய தூண்டில் இழையை வெட்டிவிட்டு, மேலே பேப்பர் கப்பைக் கவிழ்த்து ஒட்டிக் கூட்டி வாருங்கள். விரலில் ஏறிய முள்ளையும் வந்த வழியே இழுக்காதீர்கள், நுனிக்குப் பின்னால் இருக்கும் எதிர்க்கூர் சதையைக் கிழிக்கும். டெட்டனஸ் வராமல் தடுக்கும் டிடி ஊசியை மறக்க வேண்டாம். வீட்டு மின்சாரத்தை ஒயர் போட்டுக் குளத்தங்கரைக்கு இழுக்கும் அண்ணன்மாரே, அதற்கு நான் தேவைப்பட மாட்டேன். பிணவறைதான்.

காட்டுமாடு, கரடி, யானை பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டாம். பல அணைக்கரைகள் காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன, ராத்திரி அங்கே நிற்கவே அனுமதி கிடையாது. வனத்துறையிடம் மாட்டினால் நான் சிபாரிசுக்கு வர மாட்டேன்.

பகலில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போங்களேன் தம்பிகளா. போகுமுன் இடுக்கியால் முள்ளின் எதிர்க்கூரை நசுக்கிவிடுங்கள். மீன் ஒன்றிரண்டு நழுவும், ஆனால் விரலில் ஏறினால் எனக்கு ஐந்து நிமிட வேலைதான்.

இமையிலிருந்து முள்ளை எடுத்துவிட்டுத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் மெதுவாகக் கேட்டான்: "சார், வெள்ளை விளக்கு வச்சிருந்தா மாட்டியிருக்குமா?"