காக்கை உட்காரப் பழம் விழுந்த கதையும் கோச்சை மாற்றும் கதையும்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணி. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துத் திடல். மழை விட்டுவிட்டது, ஆனால் கோல் கம்பத்துக்கு முன்னால் சேறு குழம்பிக் கிடக்கிறது. நம் குழு 0-1 என்று தோற்றுவிட்டது. வெற்றியே இல்லாத நான்காவது ஆட்டம் இது. ஒட்டுக்கடையில் தே தாரிக் மேசைக்கு வருவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: “மொதல்ல கோச்ச மாத்துங்கய்யா.”

மாற்றுகிறார்கள். அடுத்த மூன்று ஆட்டங்களில் இரண்டு வெற்றி. தீர்ப்புச் சொன்னவர் மீசையை முறுக்கிக்கொள்கிறார்.

மாற்றாமலே விட்டிருந்தால் அந்த மூன்று ஆட்டங்களில் என்ன நடந்திருக்கும்? இதை ஒட்டுக்கடையில் யாரும் கேட்பதில்லை. பழைய கோச்சும் அதே ஞாயிறுகளில் அதே குழுவை நடத்திக் காட்ட முடியாது என்பதால் நேரடியாகப் பார்க்க வழியில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

காற்பந்து கோல் பஞ்சமுள்ள விளையாட்டு. பூப்பந்தில் ஒரு செட் முடிவதற்குள் முப்பது நாற்பது புள்ளிகள் ஓடிவிடும், அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் அதற்குள் சரிக்குச் சரியாகிவிடும். காற்பந்தில் 90 நிமிடத்துக்கு இரு தரப்பும் சேர்ந்து சராசரியாக இரண்டரை, மூன்று கோல்தான். இப்படி அபூர்வமாக நடக்கும் நிகழ்ச்சிகளைக் கணிக்க 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித அறிஞர் புவாசோன் ஒரு சூத்திரம் தந்திருக்கிறார். நம் குழு ஆட்டத்துக்குச் சராசரி 1.5 கோல் அடிக்கும் தரம், எதிர்க்குழு 1 கோல் தரம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது நாம் ஒன்றரை மடங்கு மேல். சூத்திரத்தில் போட்டால் நம் வெற்றி வாய்ப்பு 49 விழுக்காடு, சமநிலை 26, தோல்வி 25. ஒன்றரை மடங்கு உயர்ந்த குழுவுக்கே வெற்றி என்பது பூவா தலையா கணக்குத்தான்.

வேண்டுமானால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். எட்டுக் குழுக்கள் சொந்தத் திடலிலும் எதிரி திடலிலும் மோதினால் ஒரு குழுவுக்கு 14 ஆட்டம். ஒரு 20 சென் காசை 14 முறை சுண்டி, எண் விழுந்தால் வெற்றி, மறுபக்கம் விழுந்தால் வெற்றி இல்லை என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்தடுத்து நான்கு முறை “வெற்றி இல்லை” வருகிறதா என்று பாருங்கள். 100 பேர் இப்படிச் சுண்டினால் ஏறக்குறைய 35 பேருக்கு வரும். எந்தத் தப்பும் செய்யாத, எல்லா எதிரியைவிடவும் உயர்ந்த குழுவின் கோச்சுக்கே மூன்று பருவத்தில் ஒரு பருவம் “மாத்துங்கய்யா” என்ற குரல் கேட்கும் என்று அர்த்தம்.

சரிவு அப்படிப்பட்டதென்றால் மீட்சியும் அப்படித்தான். 1886இல் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டார். மிக நெட்டையானவர்களின் பிள்ளைகள் நெட்டைதான், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகளும் சராசரிப் பக்கம் நகர்ந்திருந்தார்கள். தற்செயலின் பங்கு உள்ள எந்த அளவும், ஓரத்துக்குப் போனால் அடுத்த முறை பெரும்பாலும் நடுவை நோக்கித் திரும்பும். கோச்சை நாம் எப்போது நீக்குகிறோம்? அளவு அடிமட்ட ஓரத்தில் இருக்கும்போது. அடுத்து அது மேலே வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். காக்கை உட்கார்ந்தது, பழம் விழுந்தது.

இதைத் தரவுகளோடு சோதித்தவர் நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வேல். 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக்கை எடுத்துக்கொண்டார். பருவ நடுவில் மேனேஜரை, அதாவது தலைமைக் கோச்சை, நீக்கிய கிளப்புகளின் ஆட்டம் பிறகு மேம்பட்டது உண்மை. ஆனால் அதே அளவு சரிந்தும் மேனேஜரை நீக்காத கிளப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவையும் அதே போல மீண்டிருந்தன. நீக்கியதால் கிடைத்த கூடுதல் பலன் என்று எதுவும் தெரியவில்லை.

லெஸ்டர் சிட்டியின் கதை இதற்குப் படம் வரைந்த மாதிரி இருக்கும். 2014-15 பருவத்தில் 14ஆம் இடம். 2015-16இல் கிளாடியோ ரனியேரியின் கீழ் இங்கிலாந்து சாம்பியன். அந்தப் பருவம் தொடங்கும்போது பந்தயக்காரர்கள் அவர்களுக்குக் கொடுத்த விலை 5,000க்கு 1. 2017 பிப்ரவரியில் தொடர்ந்து ஐந்து லீக் தோல்வி, கீழிறங்கும் இடத்துக்கு ஒரே ஒரு புள்ளி மேலே. ரனியேரி நீக்கப்பட்டார். நான்கே நாளில் லிவர்பூலை 3-1 என வென்றார்கள், கடைசியில் 12ஆம் இடத்தில் முடித்தார்கள். 14, 1, 12 என்ற மூன்று எண்களையும் வரிசையாகப் பாருங்கள். விளக்கம் கேட்பது நடுவில் உள்ள அந்த 1தான், 12 அல்ல. அதோடு நடுக்களத்தைத் தாங்கிய என்கோலோ காண்டேயை இடையில் செல்சிக்கு விற்றிருந்தார்கள். அந்தப் பருவம் சாம்பியனானது செல்சி.

நம் நாட்டிலும் ஒரு நல்ல பாடம் உண்டு. 2010 டிசம்பர் 1, தென்கிழக்காசியக் கோப்பையின் முதல் ஆட்டம். கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசியா, ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்றது. அதே மாதம் 26ஆம் தேதி இறுதியாட்டத்தின் முதல் சுற்றில் புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3-0 என அடித்தது. 29ஆம் தேதி 1-2 என்று தோற்றும், மொத்தம் 4-2 கணக்கில் கோப்பையைத் தூக்கியது. அதே கோச்தான், 28 நாள்தான் இடைவெளி. டிசம்பர் 2 காலையில் வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் என்ன முடிவு வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் கோச் வெறும் பொம்மையா என்றால், இல்லை. அவர் கை எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

படாத இடம் முதலில். தொழில்முறை காற்பந்தில் பெரும்பாலானதை ஆட்டக்காரர்களின் தரம் தீர்மானிக்கிறது, தரத்தைச் சம்பளம் காட்டிக்கொடுக்கிறது. ஸ்டெஃபான் சிமான்ஸ்கி என்ற பொருளாதார அறிஞர் இங்கிலாந்து கிளப்புகளின் பல ஆண்டுச் சராசரியை எடுத்துப் பார்த்தபோது, லீக் நிலைகளில் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைச் சம்பளச் செலவே விளக்கிவிட்டது. (ஜெயிக்கிற கிளப்புக்குப் பணமும் சேரும் என்பதால் முழுப் பெருமையையும் சம்பளத்துக்குக் கொடுத்துவிடக் கூடாது.) நம் ஜோகூர் டாருல் தாக்சிம் கிளப்பைப் பாருங்கள். 2014 முதல் 2024-25 வரை ஒரு பருவம் விடாமல் மலேசிய சூப்பர் லீக் சாம்பியன். அதற்குள் போயான் ஹோடாக், மாரியோ கோமஸ், பெஞ்சமின் மோரா, எஸ்தெபான் சொலாரி, எக்தர் பிடோக்லியோ என்று நாற்காலியில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கோப்பை மட்டும் இடம் மாறவில்லை.

தோட்டக் குழுவில் சம்பளம் ஏது? இங்கே அதற்குப் பதில் ஆள் வருகை. நல்ல ஆட்டக்காரப் பையன்களில் பாதிப்பேர் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறார்கள், மீதிப்பேருக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட். மேனேஜர் என்றாலே இங்கு வேனுக்கும் ஜெர்சிக்கும் காசு புரட்டுகிறவர்தான், இங்கிலாந்து மேனேஜர் மாதிரி ஆள் வாங்கி விற்கிறவர் அல்ல. அதனால் கோச்சை எடைபோடும் முன் ஒரு நோட்டில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எழுத வேண்டியது இது: குழுவின் முதல் 11 பேரில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நிமிடம் ஆடினார்கள். 11 பேர் 90 நிமிடம் ஆடினால் 990. வெற்றி இல்லாத அந்த நான்கு ஆட்டங்களிலும் இந்த எண் 600ஐத் தாண்டவில்லை என்றால், விசாரிக்க வேண்டியது ஷிஃப்ட் அட்டவணையை.

ஆள் வந்தும் தோற்றால் அடுத்த பக்கத்தைத் திறக்கலாம். கோல்களை எண்ணினால் போதாது, அவை மிகக் குறைவு. வாய்ப்புகளை எண்ண வேண்டும். ஒரு ஷாட் கோலாகும் வாய்ப்பை முக்கியமாகத் தீர்மானிப்பது தூரமும் கோணமும். கோல் கம்பங்களின் இடைவெளி 7.32 மீட்டர். 11 மீட்டரில் உள்ள பெனால்டி புள்ளியிலிருந்து பார்த்தால் அது 37 டிகிரி அகலமாகத் தெரியும். 25 மீட்டருக்குப் போனால் 17 டிகிரிதான், நடுவில் நிற்கும் கால்களைக் கழித்தால் இன்னும் குறுகும். தொழில்முறை ஆட்டங்களில் பெனால்டி நான்கில் மூன்றுக்கு மேல் கோலாகிறது. கையால் கணக்குப் போட இப்படி வைத்துக்கொள்ளலாம்: பெனால்டி 0.76, கோலுக்கு ஐந்தாறு மீட்டருக்குள் தடையில்லாத ஷாட் 0.35, பெனால்டி கட்டத்துக்குள் மற்றவை 0.12, கட்டத்துக்கு வெளியே 0.03. தலையால் முட்டினால் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் கோல் கீப்பர்களுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது, ஆனால் இரண்டு குழுவுக்கும் ஒரே அளவுகோல் என்பதால் பெரிய குழப்பம் வராது.

அந்த 0-1 ஆட்டத்தையே எடுப்போம். நாம் அடித்தது கிட்டத்தில் 1, கட்டத்துக்குள் 3, வெளியிலிருந்து 5. கூட்டினால் 0.35 + 0.36 + 0.15 = 0.86. அவர்கள் கட்டத்துக்குள் 1, வெளியிலிருந்து 3: மொத்தம் 0.21. அந்த நான்கில் ஒன்று சேற்றில் பட்டு எகிறி கீப்பரின் கையைத் தாண்டிவிட்டது. இந்த ஆட்டத்துக்குக் கோச்சைத் திட்டுவது மழைக்காக அவரைத் திட்டுவது மாதிரி. ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்பில் கோச் யூர்கன் குளோப் 2015 பிப்ரவரியில் அட்டவணையின் கடைசி இடத்தில் கிடந்தபோது நடந்ததும் பெரும்பாலும் இதுவே. வாய்ப்புகளின் கணக்கு அவ்வளவு மோசமில்லை என்பதை லிவர்பூலின் தரவு ஆய்வாளர் இயன் கிரகாம் கணக்கிட்டு வைத்திருந்தார். குளோப் டார்ட்மண்டை 7ஆம் இடத்தில் முடித்துவிட்டு, அக்டோபரில் லிவர்பூலுக்கு வந்தார்.

நோட்டு எழுதுவதில் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, பந்து வலைக்குள் போன பிறகு மதிப்புப் போடுவது. போனால் “நல்ல வாய்ப்பு”, வெளியே போனால் “கஷ்டமான ஷாட்” என்று மனம் மாற்றி எழுதும். காலில் பந்து படும் கணத்திலேயே இடத்தைக் குறித்துவிட வேண்டும். இன்னொன்று, முன்னிலையில் உள்ள குழு பின்வாங்கி நிற்கும், தோற்கும் குழு தூரத்திலிருந்து அடித்துத் தள்ளும். அதனால் கோல் கணக்குச் சமமாக இருந்த நிமிடங்களைத் தனியே கூட்டிப் பாருங்கள், உண்மை அங்கேதான் தெரியும்.

ஆறேழு ஆட்டங்களாகச் சமநிலை நிமிடங்களிலும் எதிரியின் வாய்ப்புக் கூட்டல் நம்மைவிடப் பெரிதாக இருந்தால் கோச்சைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். கேள்வியைக் குறிப்பாகக் கேட்க இரண்டு இடம் உண்டு.

கடைசி 20 நிமிடம் ஒன்று. எல்லா லீக்கிலும் கடைசிக் கால் மணி நேரத்தில்தான் கோல் அதிகம் விழும், ஆகவே நாம் வாங்கியதை மட்டும் பார்க்காமல் அடித்ததோடு ஒப்பிட வேண்டும். வாங்கியது மட்டுமே இருந்தால் நம் ஆட்கள் வற்றிப்போகிறார்கள். காலையில் செம்பனைக் குலை வெட்டிவிட்டு வருகிறவர் ஆட்டம் தொடங்கும்போதே பாதி காய்ந்துதான் வருகிறார். நம் வெப்பத்தில் ஓடினால் மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரை வியர்க்கும். சோதிக்க ஒரு எடை இயந்திரம் போதும்: ஆட்டத்துக்கு முன் அரைக்கால் சட்டையோடு ஒரு எடை, முடிந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு ஒரு எடை, நடுவில் குடித்த தண்ணீரையும் சேர்த்துக் கணக்கு. ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. 70 கிலோ ஆள் குடித்ததும் போக 1.4 கிலோ இழந்தால் அது இரண்டு விழுக்காடு, அதற்கு மேல் ஓட்டமும் தொய்யும், முடிவெடுப்பதும் தடுமாறும். வெயில், ஈரப்பதம் எல்லாம் சேர்ந்த WBGT என்ற வெப்பக் குறியீடு 32 டிகிரியைத் தாண்டினால் 30ஆவது, 75ஆவது நிமிடங்களை ஒட்டித் தண்ணீருக்கு ஆட்டத்தை நிறுத்தலாம் என்கிறது ஃபிஃபா. வெள்ளிக்கிழமை கடும் ஓட்டப் பயிற்சி கொடுத்து, ஞாயிறு 80ஆவது நிமிடம் வரை மாற்று ஆட்டக்காரரை இறக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் கோச்சுக்கு இதில் சாக்கு இல்லை.

கார்னரும் ஃப்ரீ கிக்கும் இன்னொன்று. உலகக் காற்பந்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கோல் இப்படிப் பந்து நின்ற இடத்திலிருந்து வருகிறது. இங்கே ஆட்டக்காரர் தரத்தைவிடப் பழக்கம்தான் பேசும். அருகுக் கம்பத்தில் யார், கீப்பருக்கு முன்னால் யார், கட்டத்தின் விளிம்பில் திரும்பி வரும் பந்துக்கு யார் என்று மூன்று பேரை நிறுத்திக் கேளுங்கள். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் பயிற்சியே நடக்கவில்லை. அது முழுக்க முழுக்கக் கோச் கணக்கு.

இவ்வளவும் பார்த்த பிறகும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மிச்சமிருக்கும் நேரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஆறு வாரம் பாக்கி, வாரத்துக்கு இரண்டு பயிற்சி, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்றால் புதியவர் கையில் இருப்பது 18 மணி நேரம். அதிலும் செவ்வாய்க்கிழமை பாதிப்பேருக்கு இரவு ஷிஃப்ட். புது ஆட்ட முறையைக் கால்களில் ஏற்ற அது போதாது. கார்னரில் எங்கே நிற்பது, எப்போது தண்ணீர் குடிப்பது, 60ஆவது நிமிடத்தில் யாரை வெளியே எடுப்பது என்பதற்குத் தாராளமாகப் போதும்.