சர்க்கரை நோயாளிகளின் கண் படம்: ‘படம் தெளிவில்லை’ என்று வந்தால்?

“எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது தம்பி. பஸ் போர்டெல்லாம் தூரத்துலயே படிச்சிருவேன்.” உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் சர்க்கரை நோயாளிகளுக்கான கண் முகாம்களில், கேமராவுக்கு முன்னால் உட்காரச் சொன்னால் பலரும் இதைத்தான் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை. சர்க்கரையால் கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் விழித்திரை கெடத் தொடங்கும்போது கண் வலிக்காது, சிவக்காது, பார்வைகூட மங்காது. உள்ளே மெல்லிய ரத்தக் குழாய்கள் அங்கங்கே புடைத்து, கசிந்து, அடைபட்டுக்கொண்டிருக்கும். கசிவு விழித்திரையின் மையத்தைத் தொட்ட பிறகோ, புதிதாக முளைத்த குழாய்கள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் பரவிய பிறகோதான் ஆளுக்கே தெரியவரும். லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் இருக்கிற பார்வையைக் காப்பாற்றும்; போன பார்வையை முழுதாகத் திருப்பித் தருவது அரிது.

நான் பயோமெடிக்கல் இன்ஜினியர். விழித்திரைப் படங்களைக் கணினி படிப்பதற்கான மென்பொருளில் வேலை செய்கிறேன். கேமராவோடு முகாம்களுக்கும் போகிறேன். இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு கணக்கிட்டது. அத்தனை பேரின் இரண்டு கண்களையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க நம்மிடம் கண் மருத்துவர்கள் போதாது. கணினியை நாங்கள் நாடியது அதனால்தான்.

இந்தத் துறையில் மதுரைக்குப் பெரிய பங்கு உண்டு. 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்கினார்கள். அவற்றில் அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் உண்டு. ஒரே படத்தை 3 முதல் 7 மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்துத் தரம் பிரித்தார்கள். ஒரு படத்தைப் பற்றி இரண்டு நிபுணர்களே வேறு வேறு முடிவு சொல்வது சாதாரணம் என்பதால்தான் அத்தனை கண்கள் தேவைப்பட்டன. பிறகு மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் நேரடியாக நோயாளிகளிடம் சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். மதுரையில், மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய அளவுக்கு நோய் இருந்தவர்களில் 88.9 சதவீதத்தினரைக் கணினி கண்டுபிடித்தது. மனிதர்கள் தனியாகப் படங்களைப் பார்த்துத் தரம் பிரிப்பதற்கு இது இணையாகவோ மேலாகவோ இருந்தது. ஆனாலும் அந்த அளவுக்கு நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 11 பேர் நழுவுகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. ‘நோய் இல்லை’ என்று வந்தாலும் அடுத்த ஆண்டு மறுபடி படம் எடுங்கள் என்று நாங்கள் வற்புறுத்த அதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் படம் நன்றாக விழுந்தால்தான். முகாமில் பாதிப் போராட்டம் அதற்கே போய்விடும். பள்ளிக்கூட வகுப்பறை ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்க வேண்டும்; இருட்டில்தான் கண் பாப்பா (கருவிழியின் நடுத் துவாரம்) தானாக விரியும். முதல் கண்ணில் ஃபிளாஷ் அடித்ததும் இரண்டு பாப்பாவும் சுருங்கிவிடும். சில நிமிடம் பொறுத்துத்தான் அடுத்த கண்ணை எடுக்க வேண்டும். வரிசை நீளும்போது அந்தச் சில நிமிடத்தைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். லென்ஸில் ஒரு தூசி இருந்தால் அது படத்தில் புள்ளியாக விழும். அடுத்தடுத்த ஆட்களின் படத்தில் ஒரே இடத்தில் ஒரே புள்ளி தெரிந்தால் லென்ஸைத் துடைக்க வேண்டும் என்று அர்த்தம். 2020-இல் வெளியான தாய்லாந்துக் கள ஆய்வு ஒன்றில், கிளினிக்குகளில் நர்ஸ்கள் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் ‘தரமில்லை’ என்று கணினி தள்ளிவிட்டது.

கண்புரை உள்ளவர்களுக்குப் படம் மூடுபனி படிந்தாற்போல வரும். வயதானவர்களுக்குப் பாப்பாவே சிறுத்திருக்கும். அதிக ஆண்டுகளாகச் சர்க்கரை இருப்பவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான். ஆக, யாருக்கு நோய் இருக்க வாய்ப்பு அதிகமோ, அவர்கள் படம்தான் கணினிக்குப் புரியாமல் போகிறது. என்னை அதிகம் கவலைப்படுத்துவது இது.

முன்பு எங்கோ நடந்த முகாமின் சீட்டோடு வந்தார், மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குச் சரம் கட்டிக் கொடுக்கிற ஒரு அம்மா. முடிவு எழுதும் இடம் காலியாக இருந்தது. “ஒண்ணும் எழுதலையே தம்பி, அப்ப ஒண்ணும் இல்லைன்னுதானே?” என்று கேட்டார். டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபோது, புரைக்குப் பின்னால் லேசர் வைக்க வேண்டிய அளவுக்கு நோய் இருந்தது.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். சீட்டை வாங்கியதும், “இரண்டு கண்ணுக்கும் படம் தெளிவா விழுந்துச்சா?” என்று கேளுங்கள். ஒரு கண்ணுக்கு விழவில்லை என்றாலும், ‘மேல்சிகிச்சைக்கு அனுப்பவும்’ என்று வந்ததைப் போலவே நினைத்துக் கண் டாக்டரிடம் போய்விடுங்கள். சொட்டு மருந்து ஊற்றினால் சில மணி நேரம் கிட்டத்து எழுத்து மங்கும், வெயில் கூசும். அன்றைக்கு வண்டி ஓட்டாமல், கூட ஒருவரை அழைத்து வாருங்கள். நம் ஊரில் அதிகம் காணப்படும் இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால், நோய் தெரிந்த உடனேயே முதல் படம் எடுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சர்க்கரை உடம்பில் இருந்திருக்கலாம். கர்ப்பிணிக்கு ஏற்கெனவே சர்க்கரை இருந்தால் முதல் மாதங்களிலேயே பார்க்க வேண்டும். இன்னொன்று: இந்த மென்பொருள் பலவும் சர்க்கரைப் பாதிப்பை மட்டுமே தேடும். கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இல்லை என்று அந்தச் சீட்டு உறுதி சொல்லாது.

மதுரைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் பலர் இதே தலைப்பில் ப்ராஜெக்ட் செய்கிறார்கள். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. பெரும்பாலும் அவர்கள் எடுப்பது, அரவிந்த் படங்களோடு 2019-இல் காகிள் என்ற கணினிப் போட்டி இணையதளத்தில் நடந்த போட்டியின் 3,662 படங்களை. அதில் மங்கலானவையும், இருண்டவையும், வெளிச்சம் கூடியவையும் கலந்திருக்கும். அவற்றை நீக்கினால் துல்லியம் ஏறும், வைவாவில் நன்றாக இருக்கும். தயவுசெய்து நீக்காதீர்கள், தம்பிகளா, தங்கைகளா. ‘நோய் உண்டு’, ‘நோய் இல்லை’ என்ற இரண்டோடு ‘படிக்க முடியவில்லை’ என்ற மூன்றாவது விடையையும் கணினிக்குக் கற்றுக்கொடுங்கள். புரையா, பாப்பா சிறியதா, இமை மறைத்ததா, லென்ஸில் தூசியா என்று காரணத்தையும் சொல்ல வையுங்கள். அதைச் சீட்டில் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால், கேமராக்காரர் அங்கேயே மறுபடி எடுப்பார். முடியாவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்புவார்.