குருதியோடு வந்து சேரும் இரும்பு

யாழ்ப்பாணத்தில் பிள்ளை வெளிறிப் போனால் வீட்டில் முதலில் முருங்கையிலை வறை, அப்புறம் இரும்புச்சத்துப் பாணி. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது சரிதான். ஆனால் தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோய் உள்ள பிள்ளைக்கு அந்தப் பாணி கேடு. தாதியர் மாணவிகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுக்க நினைப்பது இதைத்தான்.

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால், பிள்ளையின் உடலில் ஈமோகுளோபின் ஒழுங்காக உருவாகாது. கடுமையான வகையில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்றினால்தான் பிள்ளை வளரும். ஆனால் ஒரு பை குருதியில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நம் உடலோ நாளுக்கு 1 முதல் 2 மில்லிகிராமைத்தான் இழக்கும். மிஞ்சியதை வெளியேற்ற அதற்கு வழியே கிடையாது. மாதம் இரண்டு பை ஏற்றும் இளைஞருக்கு ஓராண்டில் 4 கிராமுக்கு மேல் சேர்ந்துவிடும். நலமான ஒருவரின் முழு உடம்பிலும் இருப்பதே 3, 4 கிராம்தான்! போதாததற்கு, இந்த நோயில் குடலும் வழக்கத்தைவிட அதிகமாக இரும்பை உறிஞ்சும்.

நம்மூர்க் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலில் சுண்ணாம்பு படிவதுபோல இது ஓசையில்லாமல் சேரும். குருதியில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் நிரம்பியதும், மிஞ்சிய இரும்பு ஈரலுக்கும் இதயத் தசைக்கும் புகுந்து உயிரணுக்களைச் சிதைக்கிறது. மூளைக்கு அடியிலுள்ள கபச்சுரப்பியில் படிந்தால் வளர்ச்சி குன்றும், பூப்படைதல் தள்ளிப்போகும். கணையத்தில் படிந்தால் நீரிழிவு வரும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இதயம்தான். வளர்ச்சி குன்றுவதும் இரும்பு சேர்வதன் அடையாளம் என்பதால் உயரம் அளப்பதை வெறும் சடங்காக எண்ணக் கூடாது. 14 வயதிலும் பருவ மாற்றம் தொடங்காத பிள்ளையைப் பற்றி உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இரும்பை வெளியேற்ற டெஸ்ஃபெரொக்சமின் மருந்தைச் சிறிய பம்ப் மூலம் தோலுக்கடியில் 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் ஐந்து இரவுக்குக் குறையாமல் செலுத்துவார்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகலாம். அது இரும்பு வெளியேறும் நிறம் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், இரத்தம் போகிறதென்று பயந்து அம்மா ஊசியை நிறுத்திவிடுவார். இதே வேலையைச் செய்யும் டெஃபெரசிரொக்ஸ் மாத்திரையாகவே கிடைப்பதால் வேலை எளிது. ஆனாலும் சிறுநீரகத்தையும் ஈரலையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்பு குறைவாகவே உறிஞ்சப்படும் என்பதையும் சொல்லலாம்.

இந்த நோயால் மண்ணீரல் அகற்றிய பிள்ளைக்குக் கிருமித்தொற்று சில மணி நேரத்திலேயே முற்றிவிடும். இரும்பை வெளியேற்றும் இன்னொரு மருந்தான டெஃபெரிப்ரோன் எடுப்பவருக்கு, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் திடீரெனக் குறையக்கூடும். இந்த இரு தரப்புப் பெற்றோருக்கும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்: காய்ச்சல் என்றால் பனடோல் கொடுத்து விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அந்த இரவே வைத்தியசாலைக்கு வாருங்கள்.